குன்னூர் ஏற்றத்துக்கு எந்த மின்சைக்கிள்? அக்காவுக்காகத் தேடியபோது தெரிந்துகொண்டவை

அக்காவுக்கு 52 வயது. குன்னூரிலிருந்து கோத்தகிரி போகிற வழியில், தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே எங்கள் லைன் வீடு. அங்கிருந்து அவர் வேலை பார்க்கும் அங்கன்வாடி நாலு கிலோமீட்டர். போகும்போது ஏற்றம், வரும்போது இறக்கம். காலை பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். மழைக்காலத்தில் அதுவும் வருமா என்று சொல்ல முடியாது. இருபது வருடம் அந்த ஏற்றத்தை நடந்தே ஏறிய முழங்கால்கள் இப்போது முடியாது என்கின்றன. படி ஏறும்போது வலது காலை முதலில் வைத்து, இடது காலைக் கையால் துணியோடு சேர்த்துத் தூக்கி வைக்கிறார்.

ஸ்கூட்டர் ஓட்ட அவருக்குப் பயம். சைக்கிள் தெரியும், கல்யாணத்துக்கு முன் காரமடையில் சித்தி வீட்டில் இருந்தபோது ஓட்டியிருக்கிறார். "மோட்டார் வச்ச சைக்கிள் வருதாமே தம்பி, அது ஒண்ணு பாரேன்" என்று அவர் கேட்ட நாளிலிருந்து மூன்று மாதம் இதே வேலையாக இருந்தேன். அந்தத் தேடலில் தெரிந்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். மலையில் இருப்பவர்களுக்கு இது வேறு கணக்கு. சமவெளியில் வாங்கியவர்கள் சொல்லும் அனுபவம் நமக்குப் பாதிதான் பொருந்தும்.

எடுத்தவுடன் கண்ணில் பட்டது ஃபேட் டயர் வைத்த ஸ்டெப்-த்ரூ வண்டிகள்தான். ஸ்டெப்-த்ரூ என்றால் நம் ஊர் லேடீஸ் சைக்கிள்போல நடுவில் பார் இல்லாதது. காலைத் தூக்கி மறுபக்கம் வீச வேண்டாம். வாசல்படி தாண்டுவதுபோலத் தாண்டி உட்காரலாம். சேலை கட்டுபவர்களுக்கும் முழங்கால் வலிக்காரர்களுக்கும் இதைவிட வசதி இல்லை. ஃபேட் டயர் என்கிற நாலு அங்குலத் தடித்த டயர் குழியிலும் சேற்றிலும் ஈர இலைக்குப்பையிலும் நம்பிக்கையாகப் போகும். படத்தைப் பார்த்ததும் அக்காவுக்குப் பிடித்துவிட்டது. எனக்கும்தான். விளம்பரத்தில் 750 வாட் மோட்டார், மணிக்கு 45 கிலோமீட்டர், கீழே "ரோடு லீகல்" என்று எழுதியிருந்தது.

இந்த இரண்டு சொல்லில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஃபேட் டயர் ஸ்டெப்-த்ரூ வடிவம் பெரிதாக வளர்ந்தது அமெரிக்கச் சந்தையில். அங்கே பெரும்பாலான மாநிலங்களில் மின்சைக்கிளை மூன்று வகுப்பாகப் பிரித்து, 750 வாட் வரை சைக்கிளாகவே ஒத்துக்கொள்கிறார்கள். முதல் இரண்டு வகுப்புக்கும் வேக எல்லை மணிக்கு 20 மைல், அதாவது 32 கிலோமீட்டர். மூன்றாம் வகுப்புக்கு 28 மைல், அதாவது 45. விளம்பரத்தில் போட்ட "லீகல்" அந்த ஊர்ச் சட்டத்துக்கு உண்மைதான். அதே வண்டி குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால் பதிவு எண் இல்லாத மோட்டார் வாகனம்.

நம் சட்டம் சொல்வது

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் இரண்டாவது விதியின் 'யூ' உட்பிரிவில் இருக்கிறது விஷயம். பேட்டரி வண்டி ஒன்று மோட்டார் வாகனமாகக் கருதப்படாமல் இருக்க, மோட்டாரின் முப்பது நிமிடத் திறன் 0.25 கிலோவாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் நிற்க வேண்டும். பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவைத் தாண்டக் கூடாது. ஒழுங்கான பிரேக்கும், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டரும் வேண்டும். பெடல் மிதித்தால் மோட்டார் துணைக்கு வரும் வகையாக இருந்தால், வேகம் 25-ஐ நெருங்க நெருங்க மோட்டாரின் தள்ளல் குறைந்து கடைசியில் நின்றுவிட வேண்டும்; மிதிப்பதை நிறுத்தினாலும் நிற்க வேண்டும்.

முப்பது நிமிடத் திறன் என்பதைக் கவனியுங்கள். மோட்டார் அரை மணி நேரம் தொடர்ந்து தாங்கித் தரக்கூடிய சக்தி அது. ஏற்றத்தில் சில நொடிகள் அதைவிடக் கூடுதலாகத் தரும் உச்சத் திறன் வேறு. கடைக்காரர்கள் இந்த இரண்டையும் தங்கள் வசதிக்கு மாற்றிப் பேசுகிறார்கள். நான் போன ஒரு கடையில், அதன் பெயர் வேண்டாம், மோட்டார் உறையில் 500 என்று அச்சு தெரிந்தது. அதன்மேல் 250 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். நகத்தால் ஓரத்தைக் கிளப்பினேன், கையோடு வந்துவிட்டது. கடைக்காரர் முகத்தைக்கூட மாற்றவில்லை. "மலைக்கு இது வேணும் சார், யாரும் பார்க்கமாட்டாங்க" என்றார்.

இன்னொரு நிபந்தனையைப் பலர் கேட்பதே இல்லை. அந்த மாடல் விற்பனைக்கு வருமுன், 126-ஆவது விதியில் சொன்ன பரிசோதனை நிறுவனம் ஒன்று அதைச் சோதித்து ஒப்புதல் தந்திருக்க வேண்டும். புனேயில் ஏஆர்ஏஐ, மானேசரில் ஐகேட், நம் ஒரகடத்தில் ஜிஏஆர்சி ஆகியவை அப்படிப்பட்டவை. ஒப்புதல் இருந்தால் அந்தச் சான்றின் நகல் விற்பவரிடம் இருக்கும். "இருக்கு சார்" என்ற வாய்ச்சொல் போதாது. நகலை வாங்கி, அதிலுள்ள மாடல் பெயரும் வண்டியில் உள்ள மாடல் பெயரும் ஒன்றா என்று பாருங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தால் லைசென்ஸ் வேண்டாம், ஆர்சி வேண்டாம், இன்சூரன்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம். சட்டப்படி ஹெல்மெட்கூடக் கட்டாயம் இல்லை. ஹெல்மெட் போடாமல் நம் கொண்டை ஊசி வளைவில் இறங்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

அளவில் ஒன்று தாண்டினாலும் அது முழு மோட்டார் வாகனம். டிஸ்பிளேயில் இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தி 25-ஐ 40 ஆக்கித் தருகிறேன் என்பார்கள். அதைச் செய்த நிமிடமே சலுகை போய்விடுகிறது. சரி, அப்படியானால் பதிவு செய்துகொள்ளலாமே என்று நானும் நினைத்தேன். முடியாது. ஊட்டி ஆர்டிஓ ஆபீஸில் பதிவுக்குத் தயாரிப்பாளர் தரும் ஃபாரம் 22 என்ற தகுதிச் சான்று வேண்டும். ஒப்புதல் பெறாத வண்டிக்கு அது எங்கிருந்து வரும்? பதிவு இல்லையென்றால் இன்சூரன்ஸ் இல்லை. ஆகவே 750 வாட் வண்டியை வாங்கிவிட்டு அப்புறம் சரிசெய்துகொள்ள எந்த வழியும் கிடையாது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு வாரம் ஆனது. நீங்கள் அலைய வேண்டாம்.

கிட் மாட்டிய சைக்கிள்

இருக்கிற சைக்கிளிலேயே மோட்டார் கிட் மாட்டலாம் என்பது செலவு குறைந்த வழி. எங்கள் வரிசையில் நாலாவது வீட்டுப் பையன் அதைத்தான் செய்தான். ஆயிரம் வாட் கிட், ஆன்லைனில் வரவழைத்தது. ஏற்றத்தில் பறக்கும், பார்க்க ஆசையாக இருக்கும். போன வருடம் ஒரு சாயங்காலம், பனிமூட்டத்தில், மார்க்கெட் இறக்கத்தில் ஒரு பெரியவர் மேல் இடித்துவிட்டான். உயிருக்கு ஒன்றுமில்லை, இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரிச் செலவு முழுக்கப் பையன் வீட்டுத் தலையில். அவன் அப்பா தோட்டத்தில் கொழுந்து எடைபோடும் வேலையில் இருப்பவர். பெண்ணுக்கென்று சேர்த்துவைத்திருந்த நகை அடகுக்குப் போனது. பெரியவரின் குடும்பமும் நல்லவர்கள், யாரும் யாரையும் திட்டவில்லை. இன்சூரன்ஸ் உள்ள வண்டியாக இருந்தால் இரண்டு குடும்பத்துக்கும் இவ்வளவு கஷ்டம் வந்திருக்காது என்பதுதான் என் மனதில் நிற்கிறது.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய், இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் முதல் தடவை 2,000 ரூபாய். பதிவு இல்லாததற்குத் தனி அபராதம். ஓட்டியது 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை என்றால் பெற்றோருக்கு 25,000 ரூபாயும் மூன்றாண்டு வரை சிறையும் என்று 199-ஏ பிரிவு சொல்கிறது. "சைக்கிள்தானே" என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் இப்படிப்பட்ட வண்டியைக் கொடுப்பவர்கள் இதை ஒருமுறை படிக்க வேண்டும்.

250 வாட் கிட் என்றாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. கிட்டின் அளவு சட்டத்துக்குள் இருக்கலாம். முழு வண்டி யாராலும் சோதிக்கப்படவில்லை. பழைய சைக்கிளின் ரப்பர் பிரேக், எட்டு கிலோ கூடுதல் எடையை நம் இறக்கத்தில் எப்படிப் பிடிக்கும்?

250 வாட் நம் ஏற்றத்துக்குப் போதுமா

எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். "250 வாட்டா? ஏறவே ஏறாது" என்று பத்தில் எட்டுப் பேர் சொன்னார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அக்கா பாதையிலேயே ஓட்டியும் பார்த்தேன்.

அக்கா 62 கிலோ, வண்டி 28, பை 5, ஆக 95 கிலோ. வீட்டிலிருந்து அங்கன்வாடிவரை நாலு கிலோமீட்டரில் ஏறத்தாழ 150 மீட்டர் ஏற்றம். சராசரியாகப் பார்த்தால் சாதுவான ஏற்றம்தான். ஆனால் மாரியம்மன் கோயில் திருப்பத்துக்கு அப்புறம் முந்நூறு மீட்டர் தூரம் நெட்டுக்குத்தாக நிற்கும். நூறு மீட்டருக்குப் பன்னிரண்டு மீட்டர் ஏறும். வண்டி வாங்க வேண்டியது அந்த முந்நூறு மீட்டருக்காகத்தான்.

அங்கே வண்டியைப் பின்னால் இழுக்கும் பாரம் 95 கிலோவில் நூற்றுக்குப் பன்னிரண்டு, அதாவது 11.4 கிலோ. தடித்த டயர் உருளும்போது வரும் தடை இன்னும் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். மொத்தம் பன்னிரண்டரைக் கிலோ அளவு விசையை மோட்டாரும் காலும் சேர்ந்து தர வேண்டும். 250 வாட்டோடு அக்கா காலிலிருந்து ஒரு 70 வாட் சேர்ந்தால், மணிக்கு ஒன்பது கிலோமீட்டர் வேகத்தில் ஏறலாம். நடப்பதைப்போல இரண்டு மடங்கு. முழங்காலுக்கு அது போதும். மிதிக்காமல் ஆக்சிலேட்டரை மட்டும் திருகினால் ஏழுக்கு இறங்கும், மோட்டாரும் சூடேறும்.

இங்கேதான் கடைகளில் யாரும் சொல்லாத ஒன்றைக் கண்டுபிடித்தேன். பின்சக்கரத்துக்குள் இருக்கும் ஹப் மோட்டாருக்குச் சைக்கிளின் செயின் கியர் உதவி கிடையாது. சக்கரம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு தள்ளும் விசை குறையும். 26 அங்குல ரிம்மில் நாலு அங்குல டயர் போட்டால் வெளிவிட்டம் 29 அங்குலத்தைத் தொடும். முறுக்குவிசை, அதாவது சக்கரத்தைத் திருப்பும் பலம், 40 நியூட்டன் மீட்டர் உள்ள மோட்டார் அந்தச் சக்கரத்தில் 11 கிலோ அளவுக்குத் தள்ளும். நமக்குத் தேவை பன்னிரண்டரை. மீதியை முழங்கால் கொடுக்க வேண்டும். அதே மோட்டாரை 20 அங்குல ரிம்மில், அதே நாலு அங்குல டயரோடு வைத்தால் தள்ளல் 14 கிலோவுக்குப் போகிறது. மோட்டாரும் அதே, பேட்டரியும் அதே, சட்டமும் அதே. சக்கரம் சின்னது என்ற ஒன்றால் அந்த முந்நூறு மீட்டர் வசப்படுகிறது.

சின்னச் சக்கரம் குழியில் விழுந்தால் கை அதிரும் என்பது உண்மை. அதற்குத்தான் தடித்த டயர் கைகொடுக்கிறது. ஆகவே 20 அங்குலத்தில் ஃபேட் டயருக்கு நியாயம் இருக்கிறது. 26 அங்குலத்தில் அது மணலுக்கும் பனிக்கும் நல்லது, நம் தார்ரோட்டு ஏற்றத்துக்கு வீண் சுமை. உயரம் குறைந்தவர்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு: சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் படும். அக்காவுக்கு நம்பிக்கை வந்ததே அதனால்தான். கடை வாசலில் உட்கார்ந்ததும் முதலில் இரண்டு காலையும் ஊன்றிப் பார்த்தார், அப்புறம்தான் ஹேண்டில்பாரைப் பிடித்தார்.

மிட் டிரைவ் என்று பெடல் இருக்கும் இடத்திலேயே மோட்டார் வைத்த வண்டிகளும் இருக்கின்றன. மலைக்கு அதுதான் மேல், சந்தேகமே இல்லை. மோட்டாரின் சக்தி செயின் வழியாகப் போவதால் ஏற்றத்துக்கு கியரை இறக்கிக்கொள்ளலாம், மோட்டாரும் சூடேறாது. விலை எங்களுக்கு எட்டவில்லை. செயினும் பல்சக்கரமும் சீக்கிரம் தேயும். பழுதானால் கோயம்புத்தூருக்குத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும். வசதி உள்ளவர்கள் தயங்காமல் அதைப் பார்க்கலாம்.

சாதாரண டயர் போட்ட 250 வாட் ஸ்டெப்-த்ரூ சைக்கிளையும் விட்டுவிட வேண்டாம். ஏழெட்டுக் கிலோ எடை குறைவு, விலையும் குறைவு. டியூப் எந்தச் சைக்கிள் கடையிலும் கிடைக்கும். ரோடு நன்றாக இருக்கும் வெலிங்டன், அருவங்காடு பக்கத்தில் இருந்தால் நான் அதையே எடுத்திருப்பேன். எங்கள் பாதையில் கடைசி எண்ணூறு மீட்டர் தோட்டத்து மண்ரோடு. ஐப்பசி மழையில் டிராக்டர் தடம் முழங்கால் ஆழம் விழுந்துகிடக்கும். ஒல்லி டயரை அங்கே நம்ப முடியாது.

பெடல் இல்லாத குறைவேக ஸ்கூட்டர்

இதற்கும் லைசென்ஸ் வேண்டாம், அதனால் பலர் கேட்கிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன்: மலைக்கு வேண்டாம். அதே 250 வாட், ஆனால் பேட்டரியோடு எடை 75 கிலோவைத் தொடும். மிதித்து உதவவும் முடியாது. மாரியம்மன் கோயில் ஏற்றத்தில் கணக்குப்படியே மணிக்கு ஐந்து கிலோமீட்டர் தாண்டாது, நடப்பவர் முந்திப்போவார். பின்னால் ஒரு குழந்தையை ஏற்றினால் நின்றுவிடும்.

பதிவெண் உள்ள மின் ஸ்கூட்டர்

உண்மையான போட்டி இதுதான். டிவிஎஸ் ஐக்யூப், ஏத்தர் போன்றவை ஓசூரில் செய்து வருபவை. சில கிலோவாட் மோட்டார், இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு நம் ஏற்றத்தைச் சிரமமில்லாமல் ஏறும். காலை ஊன்ற நடுவில் தட்டையான இடம், அதுவும் ஒருவகையில் ஸ்டெப்-த்ரூதான். பச்சை நம்பர் பிளேட்டில் வெள்ளை எழுத்து, இன்சூரன்ஸ், எல்லாம் முறையாக இருக்கும். லட்ச ரூபாய்க்கு மேல் ஆகும். மின்சைக்கிள் முப்பதாயிரத்திலிருந்து அறுபதாயிரத்துக்குள் முடியும். எல்எல்ஆர் எடுத்து, முப்பது நாள் பொறுத்து, டெஸ்ட் கொடுக்க வேண்டும்.

தினம் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போக வேண்டியவர்கள், பிள்ளையைப் பின்னால் ஏற்றுபவர்கள், கோத்தகிரி–மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் ஏறி இறங்குபவர்கள் இதைத்தான் வாங்க வேண்டும். 330 மீட்டர் உயரத்தில் இருக்கும் மேட்டுப்பாளையத்திலிருந்து 1,850 மீட்டரில் இருக்கும் குன்னூருக்கு 95 கிலோவை ஏற்ற, வழியில் ஆகும் நஷ்டத்தையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 500 வாட்-மணிக்கு மேல் வேண்டும். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி உள்ள சைக்கிள் பேட்டரியில் மொத்தமே 360 வாட்-மணிதான். காலிலும் நல்ல பலம் இல்லையென்றால் பர்லியாறு தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டியைத் தள்ள வேண்டியிருக்கும். "ஒரு சார்ஜில் 60 கிலோமீட்டர்" என்று எழுதியிருப்பது சமதரைக்கு. மலையில் தூரத்தைப் பார்க்காதீர்கள், எத்தனை மீட்டர் ஏற்றம் என்று பாருங்கள். அக்காவின் 150 மீட்டர் ஏற்றத்துக்கு எழுபது வாட்-மணி. இரண்டு நாளுக்கு ஒருமுறை சார்ஜ் போட்டால் தாராளம்.

அக்காவிடம் ஸ்கூட்டரையும் காட்டினேன். "அது ஓடுற வேகத்துக்கு என் மனசு ஓடாது" என்றார். அவர் ஓட்டப்போகிற வண்டி. பயந்துகொண்டே ஓட்டுவதை நான் எப்படிக் கட்டாயப்படுத்த முடியும்?

இறக்கமும் சேலையும்

வாங்கும்போது எல்லோரும் ஏற்றத்தையே நினைக்கிறோம். ஆளைக் கொல்வது இறக்கம். 95 கிலோ 150 மீட்டர் இறங்கும்போது, காற்றும் டயரும் எடுத்துக்கொள்வது போக, மீதிச் சக்தி முழுதும் பிரேக்கில் சூடாகத்தான் போகிறது. மொத்தமாகப் பார்த்தால் அரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குப் பக்கத்தில் கொண்டுபோகிற சக்தி அது. மின் கார், மின் ஸ்கூட்டர்போல பேட்டரிக்குச் சக்தி திரும்பிவரும் என்று நினைக்காதீர்கள். உள்ளுக்குள் பல்சக்கரம் வைத்த இந்த ஹப் மோட்டார்கள் இறக்கத்தில் சும்மா சுற்றும், பிடிக்காது.

ஓட்டிப்பார்க்க வாங்கிய வண்டியில் நானே பையில் பத்துக் கிலோ அரிசியோடு அங்கன்வாடியிலிருந்து வீடுவரை இறங்கினேன். கீழே வந்ததும் பாட்டிலிலிருந்து பின் டிஸ்க்கில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டேன். சுர்ரென்று பொங்கி, ஆவியாகி, தகட்டில் ஒரு வெள்ளை வட்டம் மட்டும் நின்றது. முன் டிஸ்க் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. அப்போதுதான் நான் பயத்தில் பின் பிரேக்கையே அழுத்திக்கொண்டு வந்திருக்கிறேன் என்று தெரிந்தது. இரண்டையும் சேர்த்து, விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும் என்று அக்காவுக்கு அன்றே சொல்லிக்கொடுத்தேன். கம்பி இழுக்கும் டிஸ்க் பிரேக்கைவிட ஹைட்ராலிக் நல்லது, விரல் வலிக்காது. அது கிடைக்காவிட்டால் 180 மில்லிமீட்டர் தகடாவது இருக்க வேண்டும். ரிம்மை ரப்பரால் பிடிக்கும் வி-பிரேக் வைத்த வண்டியை மலைக்கு எடுக்கவே வேண்டாம்.

அந்த டிஸ்க் தகட்டில்தான் சேலைக்கும் ஆபத்து இருக்கிறது. மோட்டார் சைக்கிளுக்குப் பின்சக்கரத்தில் பாதியை மறைக்கும் சேலைத் தடுப்பு வேண்டும் என்று 123-ஆவது விதி கட்டாயமாக்கியிருக்கிறது. 250 வாட் சைக்கிள் மோட்டார் வாகனமே இல்லை என்பதால் அந்த விதி அதைத் தொடாது, தயாரிப்பாளர்களும் வைப்பதில்லை. ஃபேட் டயர் வண்டிகளில் பின் அச்சு அகலம் அதிகம். இடது பக்கம் டிஸ்க் தகடு வெளியே நீட்டிக்கொண்டு, முந்தானை விழும் இடத்துக்கு நேராகவே நிற்கும். குன்னூரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம் ஒரு கம்பி வளையம் செய்து, அதன்மேல் வலை கட்டச் சொல்லியிருக்கிறேன். வலது பக்கம் முழு செயின் கவர். சேலையோ தாவணியோ சுடிதார் துப்பட்டாவோ, இது இல்லாமல் ஒரு நாள்கூட ஓட்டக் கூடாது.

குளிர், ஈரம், காற்று, காட்டுமாடு

லித்தியம் பேட்டரியைப் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் போட்டால் உள்ளே கெட்டுப்போகும், அது திரும்பச் சரியாகாது. மார்கழி, தை மாதங்களில் ஊட்டி, தலைகுந்தா பக்கம் விடியற்காலையில் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். அங்கே இருப்பவர்கள் வெளித்திண்ணையில் சார்ஜ் போடவே கூடாது. எங்கள் பக்கம் அவ்வளவு உறைபனி இல்லை. ஆனாலும் குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். கழற்றி வீட்டுக்குள் எடுத்துவரக்கூடிய பேட்டரியாகப் பாருங்கள். விறகடுப்புப் பக்கத்தில் வைக்காதீர்கள். கூடவே கொடுத்த சார்ஜரைத் தவிர வேறெதுவும் போடாதீர்கள். எல்லோரும் தூங்கியபின் சார்ஜில் விட்டுவைக்காதீர்கள். ஒரு முழுச் சார்ஜுக்கு அரை யூனிட் கரண்ட்தான் ஆகும், பகலிலேயே முடித்துவிடலாம்.

நாலு அங்குல டயருக்குக் காற்று மிகக் குறைவு. டயர் ஓரத்தில் அதன் உச்ச அளவு அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 30 பிஎஸ்ஐக்குள். தார்ரோட்டில் 20, சேற்றில் 12 என்று நான் வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும் பையன் பைக் என்று நினைத்து ஒரே அடியில் அளவைத் தாண்டிவிடுவான். கைப்பம்பு ஒன்று வீட்டில் வையுங்கள்.

டயர் தடிமன் என்பதற்காகச் சோலைக்குள் இறக்காதீர்கள். கோத்தகிரி லாங்வுட் சோலையோ வேறு காப்புக்காடோ, அனுமதியில்லாமல் நுழைவது 1882-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சாயங்காலம் காட்டுமாடு நம் தோட்டத்துக்குள்ளேயே வருகிறது. இந்த வண்டி சத்தம் போடாது, அதற்கும் நாம் வருவது தெரியாது. வளைவுக்கு முன் மணி அடியுங்கள், பார்த்தால் நின்றுவிடுங்கள். 25 கிலோமீட்டர் வேகத்தில் அதை முந்த முடியாது.

கடைசியில் எடுத்த முடிவு: 20 அங்குல ஃபேட் டயர், நடுவில் பார் இல்லாத தாழ்ந்த ஃபிரேம், 250 வாட், 25 கிலோமீட்டர், கழற்றக்கூடிய பேட்டரி, ஏழு கியர், முன், பின் இரண்டு சக்கரத்திலும் டிஸ்க். ஒப்புதல் சான்றின் நகலைக் கையில் வாங்கினேன். பில்லில் மாடல் பெயர், ஃபிரேம் எண், மோட்டார் திறன், உச்ச வேகம் எல்லாவற்றையும் எழுதச் சொன்னேன். முதலில் இரண்டு கடை மறுத்தன, மூன்றாவது கடை எழுதிக் கொடுத்தது. இந்த இரண்டையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு சீட்டுக்குக் கீழே வைக்கப்போகிறோம். யாராவது நிறுத்திக் கேட்டால் அக்கா பதில் சொல்லத் திணற வேண்டியதில்லை.

இந்த அளவு டியூப் குன்னூரில் எந்தக் கடையிலும் இல்லை. கோயம்புத்தூரிலிருந்து இரண்டு டியூபும் ஒரு ஜோடி பிரேக் பேடும் வர வேண்டும், வெல்டிங் பட்டறையில் வளையமும் பாக்கி. அதுவரை தினமும் சாயங்காலம் ஸ்கூல் கிரவுண்டில் அக்கா சுற்றிப் பழகுகிறார். நேற்று அங்கன்வாடிப் பிள்ளைகள் இரண்டு பேர் அவர் பின்னாலேயே ஓடினார்கள். ஏற்ற முடியாது கண்ணு, இது ஓராளுக்குத்தான் என்று அவர் நின்று சொல்லிக்கொண்டிருந்தார்.